சிவப்புக் கூரைகளின் எதிரே நான்கு மணி நேரம்

நம் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில், சன்னல் இல்லாத மேற்குச் சுவரில், ஓர் ஓவியத்தின் அச்சுப்படி தொங்குகிறது. இலையுதிர்ந்த மரங்கள், அவற்றின் பின்னே சிவப்பு ஓடு வேய்ந்த சில வீடுகள், வீடுகளுக்குப் பின் ஒரு குன்று, உச்சியில் சிறிதளவு வானம். அச்சுவரை நோக்கி ஆறு படுக்கைகள் உள்ளன. அண்மையில், அந்தப் படத்தை அகற்றிவிட்டு அவ்விடத்தில் பெரிய தொலைக்காட்சித் திரையொன்றைப் பொருத்தலாம் என்ற யோசனை எழுந்தது. நோயாளிகளுக்குப் பொழுது போக வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் சிலர் சொன்னது அது. ஆயினும், அந்த ஓவியம் அங்கேயே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இவ்விதழின் வாசகர்களாகிய உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. டயாலிசிஸ் பெறும் நோயாளர் ஒருவர் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் இங்கு இருக்கிறார். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஆண்டுக்கு 624 மணி நேரம். அதாவது, ஆண்டில் முழுதாக 26 நாட்களை அவர் ஒரு படுக்கையில், ஒரு கையை அசைக்காமல், ஒரு சுவரைப் பார்த்தபடி கழிக்கிறார். அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்பது அலங்காரம் பற்றிய கேள்வியன்று. ஒரு மனிதரின் வாழ்நாளில் கணிசமான ஒரு பகுதி எதைப் பார்த்துக் கழிகிறது என்பது பற்றிய கேள்வி.

இனி, ஓவியத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதன் பெயர் ‘சிவப்புக் கூரைகள்’. ‘கிராமத்தின் ஒரு மூலை, குளிர்காலத் தோற்றம்’ என்பது அதனுடன் சேர்ந்த துணைத் தலைப்பு. வரைந்தவர் கமீல் பிசாரோ, ஆண்டு 1877. பாரிஸ் நகருக்கு வடமேற்கே, உவாஸ் ஆற்றங்கரையில் அமைந்த பொந்துவாஸ் என்னும் ஊரின் குன்றுப்புறம் இதில் காணப்படுகிறது. மூலப்படம் பெரியதன்று, ஏறக்குறைய 54 சென்டிமீட்டர் உயரமும் 65 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சிறிய துணிச்சட்டம். இப்போது அது பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓவியரும் ஓவியர்களின் நண்பருமான குஸ்தாவ் கையபோத் என்பவர், தாம் சேர்த்துவைத்திருந்த படங்களை அரசுக்கு உயில் எழுதிவைத்து 1894இல் இறந்தார். அந்தக் கொடையின் ஒரு பகுதியை ஏற்க அரசு தயங்கியது. ஏற்றுக்கொள்ளப்பட்டவற்றுள் இப்படமும் ஒன்று.

இப்படம் சார்ந்த ஓவிய நெறியை இம்ப்ரஷனிசம் என்பர். 1874ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அரசு ஆதரவு பெற்ற ஓவியக் காட்சியில் இடம் நாடாமல், இளம் ஓவியர் சிலர் பாரிஸில் ஒரு புகைப்படக்காரரின் பழைய பணிக்கூடத்தில் தாமே கண்காட்சி ஒன்றை நடத்தினர். அதில் கிளோத் மோனே வைத்த ஒரு சூரியோதயப் படத்தின் தலைப்பில் ‘இம்ப்ரஷன்’ என்ற சொல் இருந்தது. மனத்தில் சட்டெனப் படியும் தோற்றம் என்பது அதன் பொருள். பத்திரிகையாளர் ஒருவர் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு குழுவினர் அனைவரையும் கேலி செய்தார். கேலிப்பெயரே நிலைத்தது. அக்குழுவினர் 1886 வரை எட்டுக் கண்காட்சிகள் நடத்தினர். எட்டிலும் தம் படங்களை வைத்தவர் பிசாரோ ஒருவரே.

அவர்கள் செய்த மாற்றம் எளிமையானது. மரம் பச்சை, நிழல் கறுப்பு, ஓடு சிவப்பு என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் முடிவுகளை அவர்கள் ஒதுக்கினர். இந்த நேரத்தில், இந்த வெளிச்சத்தில், கண்ணுக்கு உண்மையில் என்ன தெரிகிறது என்று மட்டும் பார்த்தனர். நிழலில் நீலம் தெரிந்தால் நீலமே தீட்டினர். வண்ணங்களைத் தட்டில் குழைத்து வழவழப்பாகப் பூசாமல், சிறு சிறு தீற்றல்களாகத் துணியில் அருகருகே வைத்தனர். கிட்டச் சென்றால் வெறும் தீற்றல்களே தெரியும். நான்கடி பின்வாங்கினால் வீடு தெரியும்.

‘சிவப்புக் கூரைக’ளில் இதைத் தெளிவாகக் காணலாம். முன்னணியில் மரங்களின் கிளைகள் ஒரு வேலியைப்போல் குறுக்கே நிற்கின்றன. வீடுகள் நேரடியாகத் தெரிவதில்லை. கிளைகளின் இடைவெளிகளில் துண்டு துண்டாகத் தெரிகின்றன. கண் அந்தத் துண்டுகளைச் சேர்த்துக் கூரையாக, சுவராக, புகைபோக்கியாகக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கூரையின் சிவப்பு கூரையோடு நின்றுவிடவும் இல்லை. தரையின் புதர்களிலும் பின்னுள்ள குன்றின் வயல்களிலும் அதே சிவப்பு சிறு சிறு புள்ளிகளாகப் பரவியிருக்கிறது. பச்சைக்கு அருகில் அச்சிவப்பு கூடுதலாக ஒளிர்கிறது. சிவப்பையும் பச்சையையும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகவே நம் கண்ணும் மூளையும் கையாள்கின்றன. அதனால் அருகருகே வைக்கும்போது ஒன்று மற்றொன்றைத் தூக்கிக் காட்டுகிறது. ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1839லேயே இந்த விளைவை விரிவாக எழுதியிருந்தார். ஓவியர்கள் அதைக் கையால் செய்து காட்டினார்கள்.

இந்தப் படத்தை நான் நெடுங்காலம் பார்த்ததே இல்லை. தினமும் அதைக் கடந்து சென்றேன் என்பது வேறு. பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நோயாளி. அவருடைய இசைவுடன், பெயரைத் தவிர்த்து, இதனை எழுதுகிறேன்.

அவர் கொத்தனார். அறுபது வயதைக் கடந்தவர். சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து எங்களிடம் வந்தவர். அதிகம் பேசமாட்டார். நான் சுற்றுக்கு வரும்போதெல்லாம் எடை, இரத்த அழுத்தம், இயந்திரத்தின் எண்கள் ஆகியவற்றைப் பார்ப்பேன். “எப்படி இருக்கிறீர்கள், ஐயா?” என்பேன். தலையை அசைப்பார். குறிப்பேட்டில் ‘நலம், புகார் ஏதுமில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்வேன். எட்டு மாதங்கள் இவ்வாறே நடந்தது.

ஒருநாள் அவராகவே பேசினார். “டாக்டர் ஐயா, அந்த நடு வீட்டுக் கூரையைப் பாருங்கள். அது ஒரே சிவப்பு இல்லை. ஒரு பக்கம் பழைய ஓடு, ஒரு பக்கம் மாற்றிப் போட்ட ஓடு மாதிரி இருக்கிறது. வரைந்தவர் கூரை மேல் ஏறி வேலை பார்த்தவரோ?”

நான் திரும்பிப் பார்த்தேன். சிவப்பு என்று நான் நினைத்திருந்த கூரையில் செம்மஞ்சள், பழுப்பு, இளஞ்சிவப்பு என்று பல வண்ணத் தீற்றல்கள் கலந்திருந்தன. அது ஓடு மாற்றியதாலோ வெயில் பட்டதாலோ, அறியேன். ஆனால், ‘ஒரே சிவப்பு இல்லை’ என்று அவர் சொன்னது முற்றிலும் சரி. நாள்தோறும் அப்படத்தைக் கடந்த எனக்குத் தெரியாதது, வாழ்நாள் முழுதும் கூரைகளைப் பார்த்த அவருக்குத் தெரிந்திருந்தது.

படுக்கையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தேன். அவர் தொடர்ந்து பேசினார். எந்த வீட்டின் சுவர் ஈரம் வாங்கியிருக்கும், எந்தக் கூரையின் சரிவு போதாது என்றெல்லாம் சொன்னார். சற்று மௌனத்துக்குப் பின், “இன்னும் தை மாதம் வரைக்கும்தான் இதைப் பார்க்கப் போகிறேன்” என்றார். ஏன் என்று கேட்டேன். தைக்குப் பிறகு சிகிச்சைக்கு வருவதில்லை என்று தமக்குள் முடிவு செய்திருந்தார். தம்மை அழைத்து வருவதற்காக மகன் வாரத்தில் மூன்று நாள் அரைநாள் கூலியை இழக்கிறான். பேத்தி பள்ளியில் சேர வேண்டும். தாம் இனி எத்தனை நாள் இருந்து என்ன பயன் என்பது அவர் எண்ணம். மகனிடம்கூட அதைச் சொல்லவில்லை.

டயாலிசிஸ் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிறுநீரகச் செயல்பாடு மிச்சமில்லாதவருக்கு அது பெரும்பாலும் சில நாட்கள் அல்லது சில வாரங்களின் கணக்கு. நான் ‘புகார் ஏதுமில்லை’ என்று எழுதிக்கொண்டிருந்த நாட்களிலேயே அவர் அந்த முடிவை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவர் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை.

சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது இறுதியில் நோயாளியின் உரிமை. நோய் முற்றிய நிலையில், நன்கு ஆலோசித்து நிறுத்துவோரும் உளர்; அதை நான் மதிக்கிறேன். ஆனால் இவருடைய முடிவுக்குக் காரணம் நோய் அன்று, பேருந்தும் கூலியும். மறுநாள் மகனை அழைத்துப் பேசினோம். அவர் அதிர்ந்துபோனார். மகனின் வேலை முடிந்த பிறகு வரத்தக்கதாக மாலை நேரப் பிரிவுக்கு அவரை மாற்றினோம். காப்பீட்டு உதவிக்கான படிவங்களை எங்கள் சமூகப் பணியாளர் நிரப்பிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் தீர்ந்துபோன சிக்கல் அது. அவர் இன்றும் வாரத்துக்கு மூன்று மாலைகள் வருகிறார்.

ஓவியம் அவரைக் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது மிகை. ஆனால், ஓவியம் எங்கள் இருவருக்கும் நடுவே பேசுவதற்கு ஒரு பொருளைத் தந்தது. நோயைப் பற்றி அல்லாத ஒரு பேச்சு, நோயைப் பற்றிய உண்மையான பேச்சுக்கு வழிவிட்டது. அவர் எதையேனும் அறிந்தவராகவும் நான் அறியாதவனாகவும் இருந்த அந்த ஐந்து நிமிடங்களில், அவருக்குப் பேசத் துணிவு வந்தது.

அதன் பிறகே பிசாரோவின் வாழ்க்கையைப் படித்தேன். 1830இல், அப்போது டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த செயின்ட் தாமஸ் என்ற கரீபியத் தீவில் பிறந்தவர். 1870இல் பிரஷ்யப் படை பிரான்சுக்குள் புகுந்தபோது குடும்பத்துடன் இலண்டனுக்குச் சென்றார். அவர் விட்டுச்சென்ற வீட்டில் படைவீரர்கள் தங்கினர். அங்கிருந்த அவர் படங்களுள் பெரும்பாலானவை அழிந்தன. திரும்பி வந்து மீண்டும் தொடங்கினார். 1874 ஏப்ரலில், அந்த முதற்கண்காட்சி திறக்கப்பட்ட அதே மாதத்தில், அவருடைய சிறுமகள் இறந்தாள். ‘சிவப்புக் கூரைகள்’ வரைந்த காலத்தில் படங்கள் விற்கவில்லை, வீட்டில் வறுமை. இத்தனைக்கும் நடுவே அவர் தேர்ந்துகொண்ட பொருள், குன்றின் கீழே நிற்கும் சாதாரண வீடுகள்.

ஒரு மருத்துவனாக என்னை மேலும் நிறுத்தியது அவருடைய கண் நோய். நம் கண்ணீர் கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு சிறு பை வழியாக மூக்கினுள் வடிகிறது. அந்த வழி அடைபட்டால் பையில் நீர் தேங்கிச் சீழ் பிடிக்கும்; கண் வீங்கி ஓயாமல் நீர் வடியும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத அக்காலத்தில், 1880களின் இறுதியிலிருந்து பிசாரோவை இந்த நோய் மீண்டும் மீண்டும் வருத்தியது. காற்றும் குளிரும் தூசியும் ஆகாது. திறந்த வெளியில் நின்று வரைவதையே நெறியாகக் கொண்டவருக்கு வெளியே நிற்க முடியாமற்போனது. அவர் என்ன செய்தார்? ரூவான் நகரிலும் பாரிஸிலும் விடுதி அறைகளை வாடகைக்கு எடுத்து, மூடிய சன்னலின் பின் அமர்ந்து, கீழே தெரிந்த வீதியை வரைந்தார். 1897இல் மோன்மார்த்தர் பெருவீதியை ஒரே சன்னலிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட முறை வரைந்தார்: காலையில், மழையில், மூடுபனியில், இரவு விளக்கொளியில். இன்று அவர் புகழுக்குக் காரணமான படங்களுள் அவையும் அடங்கும். 1903இல் இறக்கும் ஆண்டிலும் அவர் வரைந்துகொண்டிருந்தார். ஓரிடத்தில் அமர்ந்தே இருக்க நோய் கட்டாயப்படுத்தும்போதும், பார்ப்பதற்கு எதுவும் இல்லாமற்போவதில்லை என்பதை, அந்தச் சுவரை நோக்கிப் படுத்திருக்கும் நோயாளர்களுக்குச் சொல்ல இவரைவிடப் பொருத்தமானவர் எனக்குத் தெரியவில்லை.

இதில் அறிவியல் உண்டா என்று என் சக மருத்துவர்கள் கேட்பார்கள். 1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளர்களின் பதிவுகளை அவர் இணை இணையாக ஒப்பிட்டார். ஒரு சாராரின் சன்னலுக்கு வெளியே மரங்கள். மறு சாராரின் சன்னலுக்கு வெளியே செங்கற்சுவர். மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஆய்வு சிறியது; அதில் கண்டது மெய்யான மரங்கள், வரைந்த மரங்கள் அல்ல. எனவே இதை எல்லை மீறி நீட்டக் கூடாது. ஆயினும், நோயாளி எதைப் பார்க்கிறார் என்பது பொருட்படுத்தத் தக்கது என்பதற்கு அது ஒரு நல்ல தொடக்கம்.

திரை வேண்டும் என்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு. தொடர்களும் கிரிக்கெட்டும் பலருக்கு உண்மையான ஆறுதல். அவர்களுக்குப் படுக்கைதோறும் சிறு திரையும் காதொலிக் கருவியும் தரலாம்; அருகில் உறங்குபவருக்கும் அதனால் இடையூறில்லை. ஆனால் பொதுச்சுவரில் ஒரு பெரிய திரை வைத்தால், அதை விரும்பாதவரும் நான்கு மணி நேரம் அதையே பார்க்க வேண்டும். அதையே கேட்க வேண்டும். ஓவியம் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கண்ணை மூடிக்கொண்டால் அதுவும் அமைதியாக இருந்துவிடும்.

பிரெஞ்சுக் கிராமம் நமக்கு எதற்கு என்று கேட்போரும் உளர். இதையே நிரந்தரமாக வைக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. நம் ஓவியர்களின் படங்களும் இடம்பெறட்டும். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை எந்தப் படம் என்பதை அந்த ஆறு படுக்கைகளில் இருப்போரே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு நிபந்தனை மட்டும் போதும்: பலமுறை பார்த்தாலும் தீராத படமாக அது இருக்க வேண்டும்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். அருகில் அமரும்போது “கிரியாட்டினின் எவ்வளவு?” என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். “அந்தப் படத்தில் உங்களுக்கு எந்த வீடு பிடித்திருக்கிறது?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முதலில் தொலைவிலிருந்து முழுப் படத்தைப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு கூரையை எடுத்துக்கொண்டு அதில் எத்தனை வண்ணங்கள் உள்ளன என்று எண்ணுங்கள். கடைசியில் கிளைகளுக்குப் பின்னால் மறைந்திருப்பதைத் தேடுங்கள். அதே 1877இல் பிசாரோ வரைந்து, இப்போது இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள இன்னொரு பொந்துவாஸ் படத்தில், மரங்களினூடே இரண்டு மனிதர் நிற்கின்றனர். முதற்பார்வையில் பலர் அவர்களைக் காண்பதில்லை.

நோயாளர்களுக்கும் ஒரு சொல். படம் பார்ப்பது மருந்துக்கு மாற்றன்று. நீர் அளவைக் காப்பதும், ஒரு முறையும் தவறாமல் வருவதும் அவசியம். சிகிச்சையின்போது தலைசுற்றலோ, தசைப்பிடிப்போ, நெஞ்சுவலியோ வந்தால் உடனே செவிலியரை அழையுங்கள். இவற்றோடு மனத்தில் அழுத்தும் எதுவாயினும், பேருந்துக் கட்டணமாயினும், அதையும் எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.

நான் இப்போது சுற்றுக்கு வரும்போது நாற்காலியில் அமர்ந்த பிறகே குறிப்பேட்டைத் திறக்கிறேன். ‘புகார் ஏதுமில்லை’ என்ற சொற்றொடரை எழுதுமுன், உண்மையில் கேட்டேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரம் அந்தக் கொத்தனார், கூரைகளுள் ஒன்றின் மேல் புகைபோக்கி சற்றுச் சாய்ந்திருக்கிறது என்றார். நான் இன்னும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரை வந்துவிட்டால், அவர் சொல்வது சரியா தவறா என்று எனக்குத் தெரியாமலே போய்விடும்.